மூலையில் ஒட்டிய சிங்கம்

என் பெரியம்மா யாரையும் லேசில் நம்பமாட்டாள். அரிசி மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை குறைகிறது என்பாள். தராசில் வைத்துக் காட்டினால் தராசைச் சந்தேகப்படுவாள். பதினொரு வருடமாகப் பள்ளிச் சீருடைகளுக்கு எம்பிராய்டரி மெஷினில் பேட்ஜ் தைக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறவள் நான்.

மெஷினை ஓட்டுவது ஒரு பழைய கம்ப்யூட்டர். நாற்பது பள்ளிகளின் டிசைனும் அதற்குள்தான் இருந்தது. அது போனால் பிழைப்பே போச்சு. போன வருடம் அதன் திரையில், வலது கீழ் மூலையில், புது சிஸ்டத்துக்கு மாறச் சொல்லி ஒரு பெட்டி எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. மூடினால் மறுநாள் திரும்பி வரும்.

"கேக்காமலே ஒருத்தன் வந்து நல்லது பண்றேன்னு நின்னா, எங்கயோ இடிக்குதே" என்றாள். அவளுடைய போன் ஒருமுறை தானாகவே அப்டேட் ஆகி, போட்டோ எல்லாவற்றையும் முழுங்கி ஏப்பம் விட்டிருந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கண் கோணலாகத் தைத்துக் கழித்துப்போட்ட ஒரு சிங்க பேட்ஜை எடுத்து, டேப் போட்டு அந்த மூலையில் ஒட்டிவிட்டாள். தொல்லை ஒழிந்தது.

என் வீட்டுக்காரர் ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். "மாத்திடலாம் அத்தை. பழசுக்கு இனிமே பாதுகாப்பு கிடையாது. மெஷின் புரோகிராம் புதுசுலயும் ஓடும், விசாரிச்சுட்டேன்" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

"பார்க்கலாம் மாப்பிள்ளை" என்றாள். அவர் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பி, "இதுல உன் வீட்டுக்காரருக்கு என்ன லாபம்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் பாதி பேட்ஜில் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. அவளே அவருக்குப் போன் செய்தாள். வந்தவர் திரையைப் பார்த்தார், சிங்கத்தைப் பார்த்தார், டேப்பை உரித்தார். அடியில் பெட்டி இருந்தது. ஆனால் அது பழைய பெட்டி இல்லை. ஹார்டு டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் உடனே காப்பி எடுங்கள் என்றது.

"எத்தனை நாளா கத்திட்டிருக்கோ" என்றார்.

பெரியம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, பாவமாக இருந்தது.

கம்ப்யூட்டரை ஒருவழியாக எழுப்பிக் காப்பி எடுத்து முடிக்க, சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. முப்பத்தொன்பது டிசைன் பத்திரமாக வந்தது. நாற்பதாவது திறக்கவே இல்லை. அது சிங்கம். அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்கு ஐந்நூறு பேட்ஜ் கொடுத்தாக வேண்டும்.

"புதுசே போட்டுடுங்க மாப்பிள்ளை" என்றாள்.

டிசைனை மறுபடி பார்த்து வரைய, கடையில் மிச்சமிருந்தது அந்தக் கோணல் கண் சிங்கம் ஒன்றுதான். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாரையும் சந்தேகப்பட்டேன். இவனை மட்டும் நம்பிக் காவலுக்கு வச்சேன்" என்றாள்.