ஆறும் ஒன்பதும் ஒரே அட்டை

நெவில் பாஸ்கோ ஒரு நாளில் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தென் ஆஸ்திரேலியாவில் வாலரூ துறைமுகத்துத் தானியக் கிடங்கில் வேலை. கோதுமை லாரி வந்து நிற்கும். மேடைமேல் நின்று குழாயை இறக்கி ஒரு பிடி தானியம் எடுத்துச் சோதிப்பார். "ஈரம் சரி" என்பார், இல்லாவிட்டால் "ஈரம் ஜாஸ்தி" என்பார். லாரி போய்விடும். முப்பத்திரண்டு அறுவடை இப்படியே போயிருக்கிறது. கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தியிடம் கேட்கலாமா என்று இரண்டு வருடம் யோசித்தார். மூன்றாவது வருடம் அவள் அடிலெய்டுக்குக் குடிபோய்விட்டாள். ஊரில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. வாயில் கொழுக்கட்டையா என்று கேட்காத ஆளும் இல்லை.

அதே மனிதரைச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டும். மேஜையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் நகம் அளவுக்குப் பொம்மை ஆட்கள், அட்டையில் வெட்டிய சுரங்கப் பாதைகள். நெவில் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கி, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்லுவார்கள். செய்தது பலிக்குமா, பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். கடலுக்கு அடியில் போகிற ஒரு செப்புச் சுரங்கம், அதற்குள் தொலைந்துபோன ஒரு கூட்டம், இதுதான் கதை. பதினோரு வருடமாக நடக்கிறது. நெவில் அதில் கிழவியாகப் பேசுவார், கப்பல் தலைவனாக உறுமுவார், ஒருமுறை ஆடாகக்கூடக் கத்தினார். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற ஷாஸ் அன்று சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தாள்.

இதெல்லாம் ஊர் மதுக்கடையின் பின்னறையில் நடந்தது. ஆளுக்கொரு தட்டுச் சாப்பாடு வாங்கினால் போதும், அறைக்கு வாடகை கிடையாது. சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை போனபோது அந்த அறைக் கதவின்மேல் பளபளவென்று புதிய பலகை மாட்டியிருந்தது: 'கேமிங்'.

"யோவ் நெவ், நமக்குப் பலகையே மாட்டிட்டாங்கய்யா!" என்றாள் ஷாஸ்.

டிராக்டர் மெக்கானிக் ஜேரட் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சாத்தினான். உள்ளே எட்டு போக்கி மெஷின்கள் பெட்டி பிரிக்காமல் நின்றன. காசு போட்டுப் பொத்தானை அமுக்கி, காசைத் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகிற மெஷின்கள். அங்கே சூதாட்டத்துக்கும் 'கேமிங்' என்றுதான் பெயர். முன்னறையில் ஏற்கெனவே இருந்தவை போதவில்லையாம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அது நடந்தது.

அதன்பிறகு நாயாய் அலைந்தார்கள். ஃபுட்டி என்கிற கால்பந்து கிளப்பில் கேட்டால், பாரில் இவ்வளவுக்குக் குடித்தே ஆகவேண்டும் என்றார்கள். இவர்களில் மூன்று பேர் டீயைத் தாண்டாதவர்கள். நூலகம் சனிக்கிழமை பன்னிரண்டுக்கே பூட்டிவிடும். நகரசபை மண்டபத்துக்கு மணிக்கு நாற்பத்தைந்து டாலர், அதற்கு மேல் காப்பீட்டுச் சான்றிதழ் வேறு. நெவிலின் தகரக் கொட்டகையில் ஒருநாள் உட்கார்ந்தார்கள். அன்று நாற்பத்து மூன்று டிகிரி வெயில். பசை இளகிப் பொம்மைகளின் கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கேரவன் பூங்காவின் பொதுச் சமையலறையில் ஒருநாள் உட்கார்ந்தார்கள். பக்கத்து மேஜையில் ஒருவர் நண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தார், கடற்காற்று சுரங்கத்தையே தூக்கிக்கொண்டு போனது.

ஒருவர் வராமல் போனால் அடுத்த வாரம் இரண்டு பேர் வரமாட்டார்கள். பிப்ரவரியில் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து ஆட்டம் இல்லை. நெவில் வீட்டில் தனியாக உட்கார்ந்து வானொலியில் கிரிக்கெட் கேட்டார். மூன்றாவது வாரம் பால் கடையில் "நன்றி" என்று சொல்ல வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. அன்று அவர் பயந்துபோனார். இந்த மேஜை போனால் தன் பேச்சும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கடைசியில், ஷாஸுக்குத் தெரிந்த சபைக்காரர் மெர்வ்தான் வழி சொன்னார். ஊர்க்கோடியில் இருக்கிற கல் மண்டபத்தின் சாவி அவரிடம் இருந்தது. மெதடிஸ்ட் சபை வேறு பெயருக்கு மாறி ஐம்பது வருடம் ஆகப்போகிறது, ஊருக்கு அது இன்னும் மெதடிஸ்ட் மண்டபம்தான். "சனிக்கிழமை சும்மாதான் கிடக்கு. ஒரு காகிதம் எழுதிக் குடு" என்றார். நெவில் எழுதினார். என்ன தேவைக்காக என்ற இடத்தில், பதினோரு வருடமாகத் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்களோ அதையே எழுதினார்: கேமிங்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பூசாரி இங்கே மண்டபச் செயலாளர் வெர்னா ரொடா. எண்பத்தொரு வயது. ஒரே வரியில் பதில் வந்தது: இந்த மண்டபத்தில் கேமிங் நூறு வருடமாக இல்லை, இனியும் இராது. மெர்வ் கெஞ்சியதில், கையெழுத்துப் போட்டவன் புதன்கிழமை நேரில் வரட்டும் என்று அந்த அம்மாள் இறங்கி வந்தார்.

"நான் வரேன், நான் பேசறேன்" என்றாள் ஷாஸ்.

"கையெழுத்து என்னுது" என்றார் நெவில். அந்த வாரத்திலேயே அதுதான் அவர் பேசிய நீளமான வாக்கியம்.

மண்டபத்தில் வெர்னா மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, அதன் வார் மணிக்கட்டில் இரண்டு சுற்று. அந்தக் கைப்பையை அவர் எங்கேயும் இறக்கி வைப்பதில்லை, பிரார்த்தனையில்கூட. அது ஊருக்கே தெரியும். ஆறு வயதில் நெவிலுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தவர் அவர். ஐம்பத்தேழு வயது மனிதர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காரு நெவில். ஹேசல் மகன் இப்படி ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடுவான்னு நான் நினைக்கல."

"இது அந்த... அது இல்ல, மிசஸ் ரொடா."

"எது இல்ல?"

மூன்று நாள் ஒத்திகை பார்த்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. நெவில் தொப்பியைச் சுழற்றினார்.

"பகடை உண்டா?"

"உண்டு."

"அப்புறம் என்ன? அதுதான் இது." வெர்னா காகிதத்தை அவர் பக்கம் தள்ளினார். "என் வீட்டுக்காரர் கீத்தும் முதல்ல வெறும் விளையாட்டுதான் வெர்னான்னு சொன்னார். வெள்ளிக்கிழமை மட்டும்னார். அப்புறம் என் கைப்பையில கை வெச்சார். அப்புறம் எங்க வீடே போச்சு. அந்த மதுக்கடைக் கதவுமேல ஒரு வார்த்தை ஒட்டியிருக்கே, அதை நீ எழுதி என் மேஜைக்கே கொண்டு வந்திருக்கே."

நெவில் காகிதத்தைப் பார்த்தார். பெரிய எழுத்தில், தன் கையாலேயே எழுதியது. அந்தப் பலகையின் அடியில் நின்று சிரித்தவர்களில் அவரும் ஒருவர். வெட்கமாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார்.

மெர்வ் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "அட, அப்படி என்னதாம்பா பண்றீங்க? சொல்ல வரலைன்னா செஞ்சு காட்டேன். ஆடு மாதிரிகூடக் கத்துவியாமே, ஷாஸ் சொன்னா."

நெவில் கண்ணை மூடித் திறந்தார். திறந்தபோது குரல் வேறாக இருந்தது.

"மிசஸ் ரொடா, நீங்க ஏணியில இறங்கிட்டிருக்கீங்க. மேல கடல். தலைக்கு மேல தண்ணி உருள்ற சத்தம் கல்லு வழியா கேக்குது. தொப்பியில ஒரே ஒரு மெழுகுவத்தி. கால் தரையில படுது. வழி முடிஞ்சுபோச்சு, எதிர்ல வெறும் பாறை. திரும்பலாம்னு பாக்கறீங்க. அப்போ பாறைக்கு உள்ளேருந்து..." மேஜைமேல் விரல் மடக்கித் தட்டினார். தட், தட், தட். "உங்ககிட்ட ஒரு கடப்பாரை இருக்கு, கயிறு இருக்கு, மத்தியானச் சாப்பாடு இருக்கு. என்ன செய்வீங்க?"

மெர்வ் டீ ஊற்றுவதை நிறுத்தினார்.

"சாப்பாட்டுப் பாஸ்டியோட மாவு ஓரத்தை வெச்சிட்டு வரணும்" என்றார் வெர்னா. சொன்ன பிறகுதான் தான் பேசியது தெரிந்ததுபோல் உதட்டை இறுக்கினார். பிறகு விடாமல், "வேற என்ன செய்ய? பாறைக்குள்ள தட்டற குட்டிப் பூதங்களுக்கு ஓரத்தைப் போடாம எங்க தாத்தா மூண்டா சுரங்கத்துலேருந்து ஒருநாளும் மேல வந்ததில்ல. பசியா இருந்தாத்தான் அவங்க தட்டுவாங்க. இதுகூடத் தெரியாதா உங்க ஆளுங்களுக்கு?" என்று கேட்டார்.

தெரியவில்லை. அக்டோபருக்கு முன்னால் மூன்று சனிக்கிழமை அந்தப் பாறை முன்னால் நின்றார்கள். ஜேரட் கடப்பாரையால் இடித்தான். ஷாஸ் வெடி வைத்தாள். சோறு போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நெவிலின் நோட்டில் அந்த விடை ஐந்தாறு மாதமாக யாரும் தொடாமல் கிடந்தது. அவருக்குச் சந்தோஷத்தில் முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஓரத்தை வெச்சாச்சு. அவங்க எடுத்துக்கறாங்களா இல்லையான்னு..." நெவில் நிறுத்தினார்.

"இல்லையான்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். எடுத்துக்கொண்டார்கள், கதவு திறந்தது என்று சொல்லியிருந்தால் சாவியும் கிடைத்திருக்கும். அவருக்கு அது வரவில்லை. "இங்கதான் பகடை உருட்டுவோம், மிசஸ் ரொடா."

வெர்னாவின் கை கைப்பைமேல் போனது. அந்த அம்மாளின் பார்வை சுவரில் போய் நின்றது. அங்கே போன ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு எண்கள் மாட்டிய மரப்பலகை தொங்கியது. நாற்பது வருடமாக வாரா வாரம் அந்த எண்களை மாற்றுகிறவர் அவர்தான். எண் அட்டைகள் இருக்கிற பெட்டி அதன் அடியிலேயே இருந்தது.

"மெர்வ், அந்தப் பெட்டியை எடு." பெட்டி வந்தது. ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றாகப் பொறுக்கிக் காணிக்கைப் பையில் போட்டார். "பகடை என் மண்டபத்துக்குள்ள வராது. இது பாட்டு நம்பர். எத்தனை வரணும்?"

"ஏழோ, அதுக்கு மேலயோ."

வெர்னா பைக்குள் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அந்தப் பலகையில் ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே அட்டைதான். திருப்பி மாட்டினால் மற்றது.

"ஒன்பது!" என்று மெர்வ் கத்தினார். "ஒன்பதுதான் வெர்னா, இப்படித் திருப்பு!"

"வாலு மேல இருந்தது. நான் எடுத்தப்போ ஆறு."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்" என்றார் வெர்னா. "ஆறு. ஆறுன்னா என்ன, நெவில்?"

"அவங்க எடுத்துக்கல. தட்டல் நின்னுடுச்சு. மெழுகுவத்தி அணைஞ்சுபோச்சு."

"அப்போ நான் தோத்துட்டேன்."

"ஆமா, மிசஸ் ரொடா."

"தோத்தா என்ன போகும்?"

"ஒண்ணும் போகாது. கதை வேற பக்கம் திரும்பும்."

"ஒண்ணுமே போகாதா?"

"ஒண்ணுமே போகாது."

வெர்னா அந்த அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். ஆறிப்போன டீயை மெர்வ் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார். "கீத்துக்கு யாரும் இப்படி ஒண்ணைக் காட்டலையே" என்றார் அந்த அம்மாள். குரல் உடைந்தது.

பிறகு வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை நீட்டினார். "அந்த வார்த்தையை அடி. என்ன செய்யறீங்களோ அதை எழுது." நெவில் அடித்துவிட்டு, 'சேர்ந்து கதை சொல்ல' என்று எழுதினார். ஒரு மதியத்துக்குப் பதினைந்து டாலர், போகும்போது தரை கூட்ட வேண்டும், நாற்காலிகளை அடுக்க வேண்டும், பகடை வெளியே. மெர்வ் சாவியைக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். "என் பகடை காருக்குள்ள வெயில்ல வேகுது, நான் இங்க ஞானப்பாட்டு நம்பர் எடுக்கறேன், எங்கம்மா கேட்டா சந்தோஷப்படுவா" என்று ஷாஸ் புலம்பினாள். ஜேரட் காணிக்கைப் பையிலிருந்த அட்டைகளை மேஜைமேல் கொட்டினான். ஆறும் ஒன்பதுமாக இருந்த அட்டையில் யாரோ ஆறின் காலடியில் பேனாவால் அழுத்தமாக ஒரு கோடு போட்டிருந்தார்கள். பக்கத்தில் புதிதாக வெட்டிய ஒரு அட்டை, அதில் ஒன்பது, அதன் காலடியிலும் கோடு. இனி யாரும் திருப்ப முடியாது.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. துணி மூடிய தட்டோடு வெர்னா வந்தார். கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டியின் வாசனை மண்டபம் முழுக்கப் பரவியது. ஆறாவது நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஓரத்தைத் தின்னுடாதீங்க யாரும்" என்றார். "நெவில், நான் இன்னும் இருட்டுலதானே நிக்கறேன்?"

"ஆமா, மிசஸ் ரொடா. ஆனா பக்கத்துல யாரோ மூச்சு விடற சத்தம் கேக்குது."

மேஜையில் எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். ஜேரட் காணிக்கைப் பையை வெர்னாவிடம் நீட்டினான். பையைப் பிடிக்கவும் அட்டை எடுக்கவும் இரண்டு கையும் வேண்டியிருந்தது. வெர்னா மணிக்கட்டிலிருந்து வாரைப் பிரித்து, கைப்பையை நாற்காலிக்கு அடியில் தரையில் வைத்தார்.