கரும்பில் பட்ட ரத்தம்

என் வீட்டுக்காரரின் ஈறில் ரத்தம் கசிகிறது என்பதை அவர் வாயைப் பார்த்து நான் தெரிந்துகொள்ளவில்லை. அவர் கடித்துப் போட்ட கரும்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கச்சிராயபாளையத்தில் எங்கள் கழனியில் கரும்புத் தோகையை, எங்கள் பேச்சில் சோகையை, உரித்துக்கொண்டிருந்தபோது, வரப்போரம் காய்ந்த சோகைக்கு அடியில் ஒரு துண்டு கிடந்தது. கடித்த இடத்தில் வெள்ளைச் சக்கை சிவந்திருந்தது. காலால் சோகையைத் தள்ளிப் பார்த்தால் இன்னும் நாலு துண்டு. மனுஷன் ஒளித்து வைத்திருக்கிறார். நாற்பத்தெட்டு வயதில் ஒளித்து வைக்கிற பொருளா அது?

"இன்னாங்க இது?" என்று துண்டைத் தூக்கிக் காட்டினேன்.

"ஒண்ணுமில்ல. ஒடம்பு சூடு."

"சூடுன்னா கண்ணு எரியும். கரும்புல ரத்தம் ஒட்டுமா?"

"ரெண்டு மாசமா வந்துக்கினுதான் இருக்குது. வெளிய சொல்லாத."

வெளியே சொல்லாதே என்றதற்குக் காரணம் இருந்தது. ஆலைக்குப் போகும் கரும்பை ஆலைக்காரர்கள் சொல்லும் நாளில் வெட்டுவோம். வெல்லக் கொட்டகைக்குப் போகும் கரும்புக்கு நாங்களே நாள் பார்க்க வேண்டும். பச்சையாக வெட்டினால் வெல்லம் கட்டாமல் பிசுபிசுவென்று நிற்கும். நாள் கடந்தால் சாறு குறைந்துவிடும். இவர் கழனிக்குள் போய் ஒரு கரும்பை ஒடித்து, அடியில் ஒரு கடி, நுனியில் ஒரு கடி கடித்து மென்றுவிட்டு, "இன்னும் எட்டு நாளு" என்பார். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். சின்னசேலம் பக்கத்திலிருந்துகூட வண்டி அனுப்பிக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் பல்லைக் காட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார். இப்போது அந்தப் பல்லுக்கு ஆபத்து என்று ஊருக்குத் தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்?

எனக்கு வைத்தியம் செய்வதென்றால் வெல்லக்கட்டி. எதிலும் ஒரு கை பார்த்துவிடுகிற ஆள் நான். முதல் வேலையாக, அவர் தினமும் காலையில் சட்டி தேய்க்கிற மாதிரி ஈறில் போட்டுத் தேய்க்கும் உமிக்கரி டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். மெல்லிய நாராகப் பார்த்து ஒரு பிரஷ் வாங்கிக் கொடுத்து, காலையும் ராத்திரியும் மெதுவாகத் தேய்க்கச் சொன்னேன். சோறு தின்றதும் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர். விடிந்ததும் ஒரு வாய் நல்லெண்ணெய், வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் சுழற்றித் துப்ப வேண்டும். சாயந்திரம் கொய்யாக் கொழுந்து கொதிக்கவைத்த தண்ணீர். அவர் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார்.

சந்தையில் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண் கடுக்காயும் புளியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "கடுக்காக் கொட்டைய எடுத்துடுங்கக்கா. தோல மட்டும் இடிச்சி, வெரல்ல தொட்டு ஈறுல அழுத்தி வெக்கச் சொல்லுங்க" என்றாள்.

"ரத்தம் நிக்குமா?"

"நிக்கும்க்கா. எதுனால வருதுன்னு நான் இன்னாத்தக் கண்டேன்? அதை ஆஸ்பத்திரியிலதான் கேக்கணும்."

அவள் சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் ஏறியது.

பதினைந்து நாளில் ரத்தம் நின்றுவிட்டது. கன்றிப்போய் உப்பியிருந்த ஈறு சுருங்கி நிறம் திரும்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்க, ஆளுக்கு ஒரு சீசா பொடி இடித்துக் கொடுத்தேன். வைத்தியர் என்று வாசலில் பலகை மாட்டாததுதான் பாக்கி. அவரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பழையபடி கழனி கழனியாகப் போய்க் கடிக்க ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில்தான் பாத்ரூம் ஓரம் எறும்பு மொய்த்தது. இன்று நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் எறும்பு எங்கேதான் இல்லை? வெல்லப் பானையில் எறும்பு, அவர் சட்டையில் எறும்பு, வாசலில் கிடக்கும் சக்கையில் எறும்பு. பாத்ரூமில் மட்டும் ஏன் என்று கரும்புக்காரன் வீட்டில் யார் கேட்பார்கள்? எறும்பு சாக்பீஸை வாங்கிக் கோடு போட்டேன். அவர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். கரும்புக்குள் வேலை செய்கிற எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்கள். இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. வேலை ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டோம்.

அடுத்த வருஷம் பொங்கல் கழிந்து, வேறொருவர் கழனிக்குக் கரும்பு பார்க்கப் போன இவர் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார். தோள் துண்டைப் பிரித்துக் காட்டினார். கீழ்வரிசை முன்பல் இரண்டு அதில் இருந்தன. கரும்பில் கடித்து இழுத்தபோது கரும்போடு வந்துவிட்டனவாம். வலிக்கக்கூட இல்லையாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். பிறகு உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். ஈறை லேசாக அழுத்தினாள், சீழ் வந்தது. பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "சுகர் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றோம். ரத்தம் எடுத்துவரச் சொன்னாள். சீட்டைப் பார்த்துவிட்டு, சுகர் எக்கச்சக்கம் என்றாள்; தண்ணீர் நிறையக் குடிப்பாரா, பாத்ரூமில் எறும்பு வருகிறதா என்று கேட்டாள். நான் போட்ட சாக்பீஸ் கோடு கண்ணில் வந்து நின்றது.

கடுக்காய்ப் பொடியைப் பற்றி நானே ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை. "கடுக்காய் மேல தப்பில்லம்மா. உப்புத்தண்ணி, பிரஷ் எல்லாம் நல்லதுதான், இனிமேலும் செய்யுங்க. ஆனா ரத்தம் வந்த அன்னிக்கே இங்க வந்திருக்கணும். ரத்தம் நின்னுச்சே தவிர, உள்ள இருந்தது நிக்கல. எலும்பு கரைஞ்சிருக்கு" என்றாள். ஒரு மாதத்துக்குள் இன்னும் நாலு பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. மேல்வரிசையிலும் இரண்டு ஆடிக்கொண்டிருக்கின்றன.

இப்போது மாத்திரை, கம்பங்கூழ், குழைந்த சோறு என்று நாள் போகிறது. பிரஷ், உப்புத்தண்ணீர் எல்லாம் நான் சொல்லாமலே செய்கிறார். கட்டுப்பல் செய்து கொடுத்திருக்கிறார்கள். இட்லி தின்னலாம், கரும்பு கடிக்க முடியாது. பேசும்போது துண்டால் வாயை மறைத்துக்கொள்கிறார். ஊருக்கு எல்லாம் தெரியும். யாரும் கேட்பதில்லை. யாராவது கேலி செய்தால்கூடத் தேவலை, நான் சண்டைக்காவது போவேன்.

போன வாரம், இரண்டு கழனி தள்ளி கரும்பு வைத்திருக்கிறவர் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் அடிக்கரும்பு ஒன்று, நுனிக்கரும்பு ஒன்று.

"ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்கண்ணா. கொட்டகையில சொல்லி வெக்கணும்" என்றார்.

"அவருக்குச் சக்கரைங்க. கரும்பு ஆவாது" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"நீ போய்க் கத்தி எடுத்துக்கினு வா" என்றார் என் வீட்டுக்காரர். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனையோ மாதமாயிற்று. எடுத்து வந்து கொடுத்தேன். அவரே சீவி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு நறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். நுனியிலிருந்தும் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பழைய தோரணையில் உட்கார்ந்திருந்தார்.

"பத்து நாளு போவட்டும்" என்றார்.

வந்தவர் முகம் மலர்ந்துபோயிற்று. "நீங்க சொன்னா சரிண்ணா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். பல் போனாலும் வித்தை போகவில்லை என்று நினைத்தேன்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் அவர் சக்கையை உள்ளங்கையில் துப்பினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலடி" என்றார்.

"இனிப்பு தெரியலையா?"

"ரெண்டும் இனிப்பாத்தான் இருக்குது. பல்லுல பட்டு ஒடையணும். அது ஒடையற தினுச வெச்சித்தான் நான் நாளு சொல்லிக்கினு இருந்தேன்."

"அப்புறம் எதுக்குங்க பத்து நாளுன்னு சொன்னீங்க?"

அவர் எழுந்து வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

அந்தக் கழனிக்காரரின் நம்பர் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டு, வேறு ஆளை வைத்துக் கரும்பைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், இனி எங்கள் வாசலுக்குக் கரும்போடு ஒருவரும் வர மாட்டார்கள். சொல்லாவிட்டால் அவருடைய ஒரு வருஷத்துப் பாடு வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் கட்டாமல் நிற்கலாம். சரியாகவும் அமையலாம், யார் கண்டது என்று தினமும் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

இன்றோடு ஏழு நாள் ஆகிறது. காலையில் அந்தக் கழனிக்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது வண்டியை நிறுத்தி, "வெட்டுற ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன்க்கா, அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன்.