அரையடி பின்னால்

சங்கரன்கோவில்காரர்களுக்குத் தங்கப்பழத்தின் முகம் தெரியும், குரல் தெரியாது. எழுபதுகளில் எங்கள் எம்.பி. எங்கே போனாலும் உதவியாளரான இவர் அரையடி பின்னால் நிற்பார். கும்பிட்டு வருகிறவர் யார், என்ன குறை என்று தலைவர் காதில் ஓதுவார். "மேலநீலிதநல்லூர் மருதப்பன். கிணத்துக்குக் கரண்டு வரல." உடனே தலைவர் கையை விரித்து, "ஏலே மருதப்பா, கிணத்துக்குக் கரண்டு வந்துட்டா?" என்று முழங்குவார். மருதப்பனுக்கு மனசு நிறைந்துவிடும். பேர் வாங்குவது தலைவர். தங்கப்பழத்துக்கு அது போதும்.

கிடைத்த நேரத்தில் மதுரைக்கு ஓடிச் சட்டம் படித்தார். பிறகு குவைத்தில் இந்தியத் தூதரகத்தில் தொழிலாளர் குறை கேட்கும் அதிகாரியானார். கோட்டும் டையும் மாட்டியும் அதே வேலைதான். "கடையநல்லூர் கபீர். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வச்சிருக்கான்" என்று தூதர் காதில் ஓதினார். தூதர் சத்தம் போட்டார். கபீர் ஊர் வந்து சேர்ந்தான்.

எண்பத்து நாலில் தங்கப்பழம் கறுப்பு அங்கியோடு ஊர் கோர்ட்டுக்கு வந்தார். முதல் கட்சிக்காரி கபீரின் தாய் கதீஜம்மாள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவள் நடத்திய சர்பத் கடையைக் கட்டிடச் சொந்தக்காரர் பூட்டப் பார்த்தார். அன்றைக்குத் தடை உத்தரவு வாங்காவிட்டால் மறுநாள் கடை இல்லை.

வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுந்த தங்கப்பழத்துக்கு வாயே திறக்கவில்லை. முன்னால் நின்று பேச ஒரு தலைவர் இல்லையே! கால் தானாக நகர்ந்து கதீஜம்மாளுக்கு அரையடி பின்னால் போய் நின்றது. வாய் அவள் காதில் ஓதியது. அவள் லேசுப்பட்டவளா? "கனம் கோர்ட்டார் அவர்களே!" என்று கட்டிடம் அதிர எடுத்துவிட்டாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

நீதிபதியும் சிரித்தார். "அம்மா, வக்கீல்தான் பேசணும். பேசுவாரா, மாட்டாரா?"

தங்கப்பழம் கூனிக் குறுகிப் போனார். கதீஜம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவருக்கு அரையடி பின்னால் போய் நின்றாள். அவர் காதோரம் சொன்னாள்: "கடையநல்லூர் கதீஜம்மா. கடை போச்சுன்னா அடுப்பு எரியாது வக்கீலு."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் அடுத்தவர் வாயில் கேட்ட முழக்கம் அவர் வாயிலிருந்தே கிளம்பியது. ரோட்டில் போனவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். தடை உத்தரவு கிடைத்தது.

வெளியே வந்ததும் பழக்கதோஷம், மறுபடி பின்தங்கினார். கதீஜம்மாள் நின்று திரும்பினாள்.

"ஏன் வக்கீலு அங்கன நிக்கீக? முன்னால நடங்க."

நடந்தார். சர்பத் கடை வரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டே நடந்தார்.