நாலாவது பீரியட்

துர்காதேவி டீச்சரைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. பதினாறு வருடமாக ஒரே ஸ்டாஃப் ரூமில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். நான் ஓவிய ஆசிரியர். எங்களுடையது பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம். ஆறாவது முதல் பத்தாவது வரை ஐந்தே வகுப்பு. துர்காதேவி அறிவியல் எடுப்பவர். வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அவர் குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. அதனால் சாது என்று நினைத்துவிட்டேன். என்னை மாதிரி இன்னும் பல பேர் நினைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் யார் பெரியவர் என்று வெளியாட்களைக் கேட்டால் தலைமையாசிரியர் என்பார்கள். எங்களைக் கேட்டால் டைம் டேபிள் போடுகிறவர் என்போம். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் கையில்தான் எங்கள் குடுமி மாட்டும். யார் எந்த மாடியில் ஏறி இறங்குவது, யாருக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், யார் சோறு உள்ளே போன மயக்கத்தில் பத்தாம் வகுப்பை மேய்ப்பது, எல்லாம் அவர் பென்சில் முனையில். பதினோரு வருடம் அந்தப் பென்சில் கணக்கு வாத்தியார் ராமராஜனிடம் இருந்தது. முதலில் தன் ஓய்வுக் கட்டங்களைக் குறித்துக்கொள்வார். மிச்சமிருப்பதில் எங்களைப் போட்டுத் திணிப்பார். என்னுடைய ஓவிய வகுப்பில் பாதியை ‘போர்ஷன் முடியல’ என்று வாங்கிக்கொண்டு போன மகானும் இவர்தான். அவர்மேல் எனக்கும் ஆத்திரம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலாவது பீரியட் என்பது பதினொன்று ஐம்பதிலிருந்து பன்னிரண்டரை வரை. உச்சி வெயிலில் விளையாட்டு வைக்க முடியாது. ஓவியத்தைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடுவார்கள், அது எங்கள் பள்ளி வழக்கம். ஆக, நாலாவதில் ஐந்து வகுப்புக்கும் பாடம் நடந்தாக வேண்டும். பாடம் எடுப்பவர்களோ ஆறு பேர். அந்த நேரத்தில் ஒரே ஒருவருக்குத்தான் ஓய்வு கிடைக்கும், சாப்பாட்டு நேரமும் சேர்ந்தால் ஒன்றரை மணி நேரம். ராமராஜன் அந்தக் கட்டத்தை வாரம் ஐந்து நாளும் தனக்கே வைத்துக்கொண்டிருந்தார். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு ஸ்கூட்டரை எடுத்தால் செவிலிமேட்டில் வீடு, சுடுசோறு, ஒரு குட்டித் தூக்கம். ஒன்றே காலுக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டே வருவார்.

நாலு வருடத்துக்கு முன் துர்காதேவியின் அப்பா குப்புசாமி தறியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். வலது பக்கம் விழுந்துபோயிற்று. யாராவது தூக்கி உட்கார வைத்து ஸ்பூனால் ஊட்டினால்தான் கஞ்சி இறங்கும். பன்னிரண்டு மணிக்கு மாத்திரை. வீடு பள்ளிக்கு மூன்று தெரு தள்ளி. அந்த ஜூனில் துர்காதேவி ராமராஜனிடம் போய் நின்றார். நானும் அங்கேதான் இருந்தேன்.

“சார், நாலாவது பீரியட் மட்டும் எனக்குக் குடுங்க சார். ஒரே ஒரு டேர்ம். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிட்டு ஓடியாந்துடுறேன்.”

“ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா,” என்றார் ராமராஜன், தலை நிமிராமல். “பக்கத்து வூட்ல யாரையாச்சும் ஊட்டச் சொல்லு.”

பக்கத்து வீட்டு அம்மாள்தான் ஊட்டினார். ஆவணியில் ஒரு முகூர்த்த நாளில் அவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். நாலாவது பீரியடில் துர்காதேவி ஒன்பதாம் வகுப்பில் பூவின் பாகங்களை வரைந்துகொண்டிருந்தார். பன்னிரண்டரைக்கு மணி அடித்ததும் ஓடினார். அப்பா கட்டிலிலிருந்து பாதி சரிந்து, இடது கை நீண்டபடி போய்ச் சேர்ந்திருந்தார். “தண்ணி சொம்பு ஒரு சாண் தள்ளி இருந்துது சார்,” என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். ராமராஜனும் சாவுக்கு மாலையோடு வந்தார். மறுநாள் நாலாவது பீரியடில்தான் வந்தார். அப்போது அவருக்கு ஓய்வுதானே!

போன வருடம் ராமராஜன் போட்ட டைம் டேபிளில் ஒரு கோளாறு. செவ்வாய்க்கிழமை ஆறாவது பீரியடில் எட்டாம் வகுப்புக்கு இரண்டு வாத்தியார்கள் போய் வாசலில் முட்டிக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பில் ஆளே இல்லை. ஆய்வுக்கு அதிகாரி வந்த நாளில் அது நடந்தது. ஏப்ரலில் புதிதாக வந்து சேர்ந்த தலைமையாசிரியை இளவரசி மேடத்துக்குப் பழங்கதை எதுவும் தெரியாது. “இந்த வருஷம் துர்காதேவி டீச்சர் போடட்டும், நிதானமானவங்க,” என்று கடைசிக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். ராமராஜன் சிரித்தார். துர்காதேவி தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

மே மாதம் முழுக்க அவருக்கு அதுதான் வேலை. தம்பி முத்துக்குமார், அப்பா படுத்திருந்தபோது வெளியூரில் இருந்தவன், இப்போது பக்கத்துத் தெருவில் சேலைக்கு டிசைன் வரைகிறான். கொடியும் மாங்காயும் புள்ளி வைத்து நிரப்புகிற அந்தக் கட்டத் தாள்களை வாங்கி, ஆளுக்கு ஒரு நிறம் வைத்து நிரப்பினார். ராமராஜனுக்குச் சிவப்பு. அழித்து அழித்து எட்டுத் தாள் ஆயிற்று. கருட சேவைக்கு ஊரே திரண்டிருந்த அன்றும் கதவைச் சாத்திக்கொண்டு கட்டம் நிரப்பினாராம். முத்துக்குமார் வந்து என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, சார்ட்டில் அழகாக எழுதித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

வாங்கிப் பார்த்தேன். ராமராஜனுக்கு ஐந்து நாளும் நாலாவது. ஐந்து நாளும் ஐந்தாவது. நாலாவதுக்கு மாடியில் எட்டாம் வகுப்பு, சாப்பிட்டு வந்ததும் கீழே ஆறாவது, உடனே மறுபடியும் மாடியில் பத்தாவது. அவருக்கு முட்டிவலி உண்டு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடும் அவருக்கே. துர்காதேவியின் வரிசையில் நாலாவது கட்டம் ஐந்து நாளும் காலி. சட்டப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. எல்லாருக்கும் இருபத்தெட்டுப் பீரியட், அவருக்கும் இருபத்தெட்டு.

“இதை அவர் பார்த்தா…” என்றேன்.

“பாக்கட்டும் சார். பாக்கத்தானே போட்டிருக்குது.”

என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒரு சார்ட் எழுதியதில்லை. ராமராஜன் பெயருக்குத் தங்க நிற ஸ்கெட்ச்சால் ஓரம் கட்டினேன்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. சரஸ்வதி படத்துக்கு மாலை, பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகம், ஆறாம் வகுப்பில் சேர வந்தவர்களின் அழுகை என்று ஒரே சந்தடி. அதற்கு நடுவே ராமராஜன் சுவரிலிருந்த சார்ட்டின் முன்னால் நின்றவர் நின்றவர்தான்.

“இன்னாமா இது? நாலாவது அஞ்சு நாளும் எனக்கே போட்டுக்கினு இருக்குற?”

“ஆமாம் சார்.”

“எனக்கு சுகர் இருக்குதும்மா. பன்னெண்டு மணிக்கு வயித்துல எதனா போட்டாவணும்.”

“ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க சார்,” என்றார் துர்காதேவி. “பிஸ்கட் எடுத்துக்கினு வாங்க.”

நான் ராமராஜன் முகத்தையே பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அது தன் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பது அவருக்கு ஞாபகமே இல்லை! முணுமுணுத்துக்கொண்டே இளவரசி மேடத்திடம் போனார். அவர், சாப்பாட்டு மயக்கம் வருவதற்குள் கணக்கு முடிவது பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று அனுப்பிவிட்டார். அன்று நாலாவது பீரியடில், ஜன்னலோரம் ஒழுங்காகச் சுற்றுகிற ஒரே மின்விசிறிக்குக் கீழே இருந்த ராமராஜன் நாற்காலியில் துர்காதேவி போய் உட்கார்ந்தார். புத்தகம் எதுவும் எடுக்கவில்லை. மாடிப்படியில் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ராமராஜனின் அந்த மறதி துர்காதேவியை அரித்தது என்று எனக்குத் தெரியும். அடித்த அடி எதற்கென்று தெரியாதவனை அடித்து என்ன பயன்?

புதன்கிழமை ஜெயப்ரியா வந்தாள். ஆங்கிலம் எடுக்கிற சின்னப் பெண், பிரசவ விடுப்பு முடிந்து வருகிறாள். திருப்புட்குழியில் வீடு. குழந்தை புட்டிப்பாலைத் தொடாது என்பதால் மாமியார் அதைத் தூக்கிக்கொண்டு கூடவே பஸ்ஸில் வந்து, பள்ளிக்குப் பின்னால் ஒரு உறவுக்காரர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். டைம் டேபிள் போடும்போது துர்காதேவி ராமராஜன் கட்டங்களை முதலில் நிரப்பினார், அப்புறம் தன்னுடையதை. விடுப்பில் இருந்த ஜெயப்ரியாவுக்கு மிஞ்சியதைப் போட்டார். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது என்று வரிசையாக விழுந்திருந்தது. அன்று நாலாவது முடிந்து வரும்போது வருகைப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு வந்தாள். சேலை நனைந்திருந்தது.

மறுநாள் இடைவேளையில் துர்காதேவியிடம் வந்தாள்.

“அக்கா, நாலாவது மட்டும் மாத்திக் குடுக்க முடியுமாக்கா? பதினொன்றரைக்கே பாப்பா அழ ஆரம்பிச்சுடுறா. ஒரே ஒரு டேர்ம் போதும்.”

துர்காதேவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா,” என்றார்.

பக்கத்து மேஜையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த ராமராஜன் பலமாகத் தலையாட்டினார். “கரெக்ட். அதான் ரூலு. நானும் அப்டித்தான் சொல்லுவேன்.”

துர்காதேவியின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். பேனா அப்படியே நின்றது. ஜெயப்ரியா வகுப்புக்குப் போய்விட்டாள். ராமராஜனுக்குக் காற்று தன் பக்கம் திரும்பியதாகத் தோன்றியிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

“இருந்தாலும் கைக்கொழந்தைக்காரிம்மா, பாவம். ஒண்ணு பண்ணு. நாலாவதை மூணு நாள் அவளுக்குப் போடு, ரெண்டு நாள் எனக்குப் போடு. நீ ஒண்டிக்கட்டை, உனக்கு எதுக்கு அந்த நேரத்துல ஓய்வு? வூட்ல யார் இருக்குறாங்க?”

வீட்டில் யார் இருக்கிறார்கள்! அந்தக் கணத்தில் மைப் புட்டியை எடுத்து அவர் மண்டையில் கவிழ்த்திருப்பேன், சத்தியமாக. துர்காதேவி பையிலிருந்து கட்டத் தாளை எடுத்து விரித்தார்.

மறுநாள் காலை என்னிடம் சார்ட்டைத் திருத்தக் கொடுத்தார். நாலாவது பீரியட் ஐந்து நாளும் ஜெயப்ரியாவுக்குக் காலி. ஜெயப்ரியா எடுத்துவந்த ஒன்பதாம் வகுப்பில் அந்த நேரத்துக்குத் துர்காதேவி பெயர். ராமராஜனின் சிவப்பு வரிசையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

“டீச்சர், அந்த நாற்காலிக்காக நாலு வருஷம் காத்திருந்தீங்க. நாலு நாள்தான் உக்காந்தீங்க,” என்றேன். “அவர் சொன்ன மாதிரி ரெண்டு நாளைப் பங்கு போட்டிருந்தா, உங்களுக்கும் ஒரு நாள் கேட்டு வாங்கியிருக்கலாமே.”

“அவருக்கு அரைநாள்கூட இல்ல சார். அதுக்கு நான் நிக்கணும்னா நிக்கிறேன்.”

ஜெயப்ரியா சார்ட்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “போம்மா, பாப்பா அழுவப் போவுது,” என்று கையை விடுவித்துக்கொண்டார் துர்காதேவி. அந்தக் குரலில் பெரிய கனிவு எதுவும் இல்லை. வேலை மிச்சமிருக்கிறவர் பேசுகிற குரல் அது.

அடுத்த திங்கட்கிழமை நாலாவது பீரியடில் சார்ட் அட்டை எடுக்க மாடிக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் பக்கத்துப் பக்கத்து அறை. ராமராஜன் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, நிலையில் சாய்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் துர்காதேவி பலகையில் பூ வரைந்துகொண்டிருந்தார். ராமராஜன் எட்டிப் பார்த்தார்.

“இன்னாமா, உனக்கும் நாலாவதா?”

“ஆமாம் சார்.”

“அஞ்சு நாளுமா?”

“அஞ்சு நாளும்.”

“அந்தப் பொண்ணுக்காவ நீ ஏம்மா கஷ்டப்படுற? பேசாம எனக்கு ரெண்டு நாள் விட்டிருந்தா…”

துர்காதேவி சாக்பீஸை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“எங்கப்பா செத்த வருஷம் நீங்க போட்டுக் குடுத்ததுதான் சார் இது. இதே நாலாவது, இதே ஒன்பதாம் வகுப்பு, இதே பாடம். ஒரு டேர்ம் மட்டும் விடுங்கன்னு கேட்டேன். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கன்னு சொன்னீங்க. நான் இங்க பூ வரைஞ்சுக்கினு இருந்தப்ப, அவர் அங்க தண்ணிக்குக் கை நீட்டிக்கினு போயிட்டாரு.”

ராமராஜனின் கையில் பாதி பிஸ்கட் அப்படியே நின்றது. வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது. இந்த முறை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகத்தில் அது ஏறுவதை நான் கண்ணாரப் பார்த்தேன்; எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

“எனக்கு எப்பவோ பழகிடுச்சு சார்,” என்றார் துர்காதேவி. “நீங்க ரிடையர் ஆவுறதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குது. உங்களுக்கும் பழகிடும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய், விட்ட இதழிலிருந்து பூவை வரைய ஆரம்பித்தார்.