பெட்டியக்காவின் தள்ளுபடித் துணிகள்

அந்தக் குடியிருப்பில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மாதம் ஒருமுறை மூன்று பெரிய பெட்டிகளை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு நிற்பாள். அதனால் எல்லோருக்கும் பெட்டியக்கா. மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு கிளினிக்கில் நோயாளிகளுக்கு டோக்கன் போடும் வேலை. காலைப் பொழுது முழுக்கத் துணிக்கடைகளில் போய்விடும்.

பெரிய கடையில் வாரக்கணக்கில் விற்காமல் கிடப்பவற்றுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் இன்னொரு தடவை விலை குறைத்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கதவு திறக்குமுன்பே போய் நிற்பாள். தையல் பிரிந்திருக்கிறதா, ஜிப் ஓடுகிறதா, அக்குளில் கறை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். ஆரம்பத்தில் காவலாளி சந்தேகப்பட்டு அவள் பின்னாலேயே சுற்றினார். பிறகு அவரே, "இன்னிக்கு மேல் மாடியிலதான் குறைச்சிருக்காங்க, அங்க போங்க" என்று சொல்லுமளவுக்குப் பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் ஸ்டிக்கர் உரிக்கும் வேலை. நகத்தில் துளி எண்ணெய் தொட்டுச் சிவப்பை மட்டும் எடுக்க வேண்டும். அடியிலுள்ள பழைய விலை கிழியக் கூடாது. பஸ் ஓட்டும் கணவர், சாப்பிட உட்காருமுன் நாற்காலியில் இருக்கும் துணிக்கட்டைத் தூக்கித் தரையில் வைப்பார்.

"இது துணிங்களோட வீடு. நாம ரெண்டு பேரும் ஒண்டுக்குடித்தனம்" என்பார்.

பெட்டிகள் கடல் தாண்டித் தங்கையிடம் போய்ச் சேரும். தங்கைக்கு அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை. தன் வாடகை அறையில் கம்பி கட்டி, துணிகளைத் தொங்கவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்த பெண்களுக்கு விற்று, தன் பங்கு போக மீதிப் பணத்தை அனுப்புவாள். ஆறு வருடமாக இப்படித்தான். "போச்சாடி?" என்று இவள் போனில் கேட்பாள். "எல்லாம் போச்சுக்கா, அடுத்ததை அனுப்பு" என்பாள் தங்கை.

போன வருடம் தங்கை படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ள ஆளில்லை. பெட்டியக்கா கிளினிக்கில் ஒரு மாதம் விடுப்புச் சொல்லிவிட்டு, முதல்முறையாகப் பெட்டிகளோடு தானும் போனாள்.

மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த தங்கைக்கு விரிப்பு மாற்றலாம் என்று அலமாரியைத் திறந்தாள். உள்ளே மேலிருந்து கீழ்வரை துணிகள். முத்துப் பொத்தான் வைத்த இளஞ்சிவப்பு கவுன், மெல்லிய இடுப்புப் பாவாடைகள், நீலச் சட்டைகள். எல்லாம் அவள் பார்த்துப் பார்த்து எடுத்தவை. விலை அட்டைகூடக் கழற்றவில்லை.

"என்னடி இது?"

தங்கை சுவரைப் பார்த்தாள். "போகலக்கா. பாதிக்கு மேல போகவே இல்ல. இடமில்லாம அப்பப்ப சும்மா கொடுத்தது போக மீதி இது."

"அப்ப நீ அனுப்பின பணம்?"

"ஓவர்டைம் பார்த்தேன்."

"ஏன்டி சொல்லல?"

"அத்தான் முதுகுவலியில படுத்த வருஷம் ஆரம்பிச்சே. அப்ப உன் குரலே செத்துக் கிடந்துச்சு. துணியைப் பத்திப் பேசுறப்பதான் கொஞ்சம் உசிரு வந்துச்சு. எப்படி வேண்டாங்கிறது?"

பெட்டியக்கா விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபப்படத்தான் நினைத்தாள், அதற்குக்கூடத் தெம்பில்லை.

"தனியா கிடக்கிற, உனக்கும் நாலு காசு வரட்டும்னுதான்டி நான் இதை விடாம செஞ்சேன்" என்றாள். "இல்லன்னா எப்பவோ விட்டிருப்பேன்."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. இவள் எழுந்து விரிப்பை மாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பெண்கள் வந்தார்கள். முதியோர் இல்லத்துச் சமையல்காரம்மா, நல்ல பருமன், நீலச் சட்டையில் கை நுழைத்துப் பார்த்தார். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. சத்தமில்லாமல் மடித்து வைத்துவிட்டு, "இதுல பெருசு வராதாம்மா?" என்று கேட்டார். அடுத்து வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். அந்த ஊரில் அவர்கள் அளவுக்குக் கிடைப்பதெல்லாம் கோணிப்பை மாதிரி இருக்கிறதாம்.

பெட்டியக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. கடையில் அந்தப் பெரிய அளவுகள்தான் சீந்துவாரில்லாமல் கம்பியின் கடைசியில் தொங்கும். அவளே எத்தனையோ தடவை அவற்றை ஒதுக்கித் தள்ளியிருக்கிறாள். இத்தனை வருடமும் தன் கண்ணுக்கு லட்சணமாய் இருந்ததை, தங்கையின் ஒல்லி உடம்பை மனதில் வைத்தே வாங்கியிருக்கிறாள். அளவு நாடா எடுத்து, வந்திருந்த ஆறு பேருக்கும் தோள், கை, இடுப்பு அளந்து எழுதிக்கொண்டாள்.

அலமாரித் துணிகளைத் தங்கை பிற்பாடு முதியோர் இல்லத்துக்கே கொண்டுபோனாள். வயதில் சுருங்கிப்போன பாட்டிமாருக்கு அவை கச்சிதமாக இருந்தன. சிலவற்றை அவர்களுடைய மகள்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். மீதியைச் சும்மாவே கொடுத்தாள். ஒரு பாட்டி அந்த முத்துப் பொத்தான் கவுனைப் போட்டுக்கொண்டு துவைக்கக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாராம்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டிதான் போகிறது, அதுவும் கேட்ட அளவுகள் மட்டும். லாபமென்று பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. போட்ட பணம் தேறுகிறது. தங்கை ஓவர்டைமை விட்டுவிட்டாள். கால் சேர்ந்துவிட்டது, படியேறும்போது மட்டும் வலிக்கிறதாம்.

போனில் இருவரும் துணியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்பதோடு சரி. சில நாள் அதற்கும் மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. அப்போதும் போனை வைக்க மாட்டார்கள். இங்கே இவள் காலை நீட்டிப் படுத்திருப்பாள், அங்கே அவள் படுத்திருப்பாள்.