சூடம் அணைத்த கை

என் மனைவியைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தவன் நான். அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் முருகன் பொறுக்கமாட்டான்.

நாவலப்பிட்டியில் ஒரு சாமான் கடையில் வேலை செய்கிறேன். அவள் வீட்டில் தைக்கிறாள். நாற்பது தாண்டியதும் அவளுக்குத் தாகம் பிடித்தது. குடம் குடமாகக் குடித்தாள். டவுன் டொக்டர் இரத்தம் பார்த்துச் சீனி வருத்தம், நீரிழிவு நோய் என்றார். எனக்கு விளங்கவில்லை. எங்கள் முதலாளி மாதிரித் தொந்தி உள்ளவர்களுக்கு வருவதென்றுதான் நினைத்திருந்தேன். இவளோ ஊசி மாதிரி இருப்பாள்.

டொக்டர் தந்த குளிசை குடித்ததும் சீனி குறைந்தது. ஒரு வருடம் போல நன்றாக இருந்தாள். பிறகு ஏறத் தொடங்கியது. குளிசையைக் கூட்டினார், அதற்கும் மேலே ஏறியது. ஒவ்வொரு தடவையும் டொக்டர் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பார். குரக்கன் ரொட்டி, கீரை என்று இவள் சொல்வாள். அவர் திரும்பி என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையோடு நான் வீட்டுக்கு வருவேன்.

வீட்டில் பாலில்லாத பிளேன்டீ குடித்தால் உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக் குடிப்பது எங்கள் பழக்கம். அதை நானும் விட்டேன். சீனிப் போத்தலைச் சாமித் தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அங்கே கை வைக்க அவளுக்கு மனம் வராது என்று நினைத்தேன். அப்படியும் அவள் மெலிந்துகொண்டே போனாள். தன் சட்டைகளை இரண்டு தடவை பிரித்துச் சிறிதாக்கித் தைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எறும்பைக் கண்டேன். பின்பக்கத்துக் குளியலறை மூலையில், தண்ணீர் ஓடுகிற இடத்தில் வரிசை வரிசையாக எறும்பு. சோப்புக்கு எறும்பு வருமா? இங்கே வந்து ஒளித்துத்தான் எதையோ தின்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். தகரம், வாளி எல்லாம் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதனால் சந்தேகம்தான் கூடியது.

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சூடம் எரிந்துகொண்டிருந்தது. “சீனி திங்கலேன்னா இத அணைச்சுச் சத்தியம் பண்ணு புள்ள,” என்றேன்.

 அவள் உள்ளங்கையை நெருப்பின் மேல் அழுத்தி அணைத்துவிட்டு, தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த கிழமை இரத்தம் சோதித்தால், சீனி முன்னையைவிடக் கூட.

அந்த நாட்களில் நான் பட்ட குழப்பத்தை யாரிடம் சொல்வது? இரத்தச் சோதனைத் துண்டில் எழுதியிருந்தது ஒன்று, சாமி முன்னால் அவள் செய்த சத்தியம் வேறொன்று. இரண்டும் எப்படி உண்மையாகும்? இருபது வருடம் கூட இருந்தவள் பொய்ச் சத்தியம் செய்வாளா? செய்திருந்தால் அந்தப் பாவம் யார் தலையில்? திருநீறு பூசும்போதுகூட முருகனை நேராகப் பார்க்கக் கூசியது.

டவுன் டொக்டரே கடைசியில் கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். அங்கே கிளினிக்கில் ஒரு இளம் டொக்டரம்மா. அரைத் தமிழும் அரைச் சிங்களமுமாகப் பேசினார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. இவளுடைய மெலிந்த கையைப் பிடித்துப் பார்த்தார். சொந்தத்தில் யாருக்காவது தைரொயிட் இருக்கிறதா என்று கேட்டார். அக்காவுக்கு இருக்கிறது, தினமும் குளிசை குடிக்கிறாள் என்றாள். உடனே வேறு இரத்தச் சோதனைகள் எழுதினார்.

முடிவு வந்த பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார். வருத்தத்தோடு சண்டை பிடிக்க வேண்டிய சக்தி, இவளுடைய உடம்பில் இன்சுலின் சுரக்கிற இடத்தையே எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம். அக்காவின் தைரொயிட்டும் இதே மாதிரி வந்ததாக இருக்கலாமாம். சிறுவயதில் வந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு மெதுவாக நடப்பதால் சாதாரண சீனி வருத்தம் மாதிரியே காட்டும். கொஞ்சக் காலம் குளிசையும் கேட்கும். இனி ஊசிதான் என்றார்.

தன் உடம்பே தன்னை அடிக்குமா? யார் சொல்லி? இன்றைக்கும் எனக்கு அது சரியாக விளங்கவில்லை. அன்றைக்கு நான் எறும்பைப் பற்றித்தான் கேட்டேன். சீனி கூடினால் அது சிறுநீரிலும் போகும், எறும்பு அதற்குத்தான் வந்திருக்கும் என்றார்.

“அப்ப இவ சீனி சாப்பிட்டதால இல்லியா, டொக்டர்?”

“நீங்க ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணும் இல்ல,” என்றார்.

நான் செய்தது அவருக்குத் தெரியாது. இவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ் கம்பளையைத் தாண்டியது. மன்னித்துக்கொள் என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

“சாமிகிட்டக் கேட்டுக்குங்க. எனக்கு அந்தச் சீனிப் போத்தல எறக்கி வச்சாப் போதும்.”

அன்றே இறக்கி அடுப்படியில் வைத்தேன். அது நல்லதாயிற்று. ஊசி தொடங்கிச் சில கிழமையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், மெஷின் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. ஊசி போட்டு இரத்தத்தில் சீனி அளவுக்கு மேல் இறங்கினால் இப்படி வரும் என்று கிளினிக்கில் சொல்லித் தந்திருந்தார்கள். ஓடிப்போய்த் தண்ணீரில் சீனி கரைத்து வந்து, என் கையாலேயே குடிக்க வைத்தேன். முருகா முருகா என்று வாய் ஓய்ந்தபாடில்லை.

கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இப்பச் சீனி சாப்பிட்டேங்க. சூடம் கொண்டு வாங்க, சத்தியம் பண்றேன்.”

சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை. கிளாஸின் அடியில் கரையாமல் கிடந்த சீனியைக் கலக்கி மறுபடியும் அவளிடம் நீட்டினேன்.