முனிரத்தினம் சாருக்கு ஒரு மக்கு மாணவி

நாத்தனாரைப் பாராட்டி எந்த அண்ணியாவது எழுதி நீங்கள் படித்திருக்கிறீர்களா? நானும் படித்ததில்லை. நானே எழுதுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்... அப்புறம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சில வாரங்களுக்கு முன்பு ஒரு புதன்கிழமை சாயங்காலம். அடுப்பில் பால் பொங்கும் நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஹேமா — என் கணவரின் தங்கை. செருப்பைக் காலாலேயே உதறிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"அண்ணி, நாளைக்கு நீங்க எங்கூட ஃபேக்டரிக்கு வரணும்."

"நானா? நான் எதுக்குடி?"

"ஒண்ணுமே தெரியாத ஆளு ஒருத்தர் வேணும்."

திருத்தணியில் எத்தனை ஆயிரம் ஜனம் இருக்கிறது! அத்தனை பேரையும் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத ஆள் என்றதும் இவளுக்கு என் ஞாபகம்தான் வந்திருக்கிறது. ஹாலில் உட்கார்ந்திருந்த என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். பேப்பர் லேசாகக் குலுங்கியது.

"கோச்சிக்காதீங்க அண்ணி. உங்களுக்கு ஒண்ணு புரியலைன்னா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். மத்தவங்க எல்லாம் புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டிக்கினு உக்காந்திருப்பாங்க. அது எனக்கு உதவாது."

திட்டுகிறாளா, பாராட்டுகிறாளா? எதுவாக இருந்தாலும் காபியைக் கொடுத்து உட்கார வைத்து, என்ன விஷயம் என்று கேட்டேன்.

ஹேமாவின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சியாளர் இருப்பார் இல்லையா... அவருக்குக் கற்றுக்கொடுப்பது இவள் வேலை. இப்போது எல்லா இடத்திலும் டேப்லெட், ஆப், வீடியோ பாடம், ஆன்லைன் டெஸ்ட் என்று வந்துவிட்டது. நிர்வாகம் வாங்கிப் போட்டுவிடும். நாள் முழுக்க வாயாலும் கையாலும் கற்றுக்கொடுத்துப் பழகிய மனிதர் திருதிருவென்று விழிப்பார். அங்கேதான் ஹேமா போய் உட்காருவாள். "வாத்தியாருக்கு வாத்தியாரம்மா" என்று நான் அவளைக் கேலி செய்வது வழக்கம்.

இந்த முறை அவள் போனது எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தொழிற்சாலைக்கு. கார்களுக்கு வேண்டிய இரும்புச் சாமான்கள் செய்கிற இடம். தகட்டை வைத்தால் மேலேயிருந்து ஒரு பெரிய இரும்பு இறங்கி, ஒரே அடியில் அதைக் கதவுக் கீலாக வளைத்துக் கொடுக்கும் — பிரஸ் மெஷின் என்கிறார்கள். தகடு இருக்க வேண்டிய இடத்தில் விரல் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மெஷினில் புதியவர்களைப் பழக்குகிறவர் முனிரத்தினம் சார். ஐம்பதைத் தாண்டியவர். எல்லோரையும் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய வகுப்பில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது என்று ஷிஃப்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், "என்னைத் திரும்ப மெஷின் லைனுக்கே அனுப்பிடுங்க. எனக்கு இந்த வாத்தியார் வேலை வேணாம்" என்று மேனேஜரிடம் போய் நின்றுவிட்டார்.

காரணம்? அந்த டேப்லெட்.

நடந்தது இதுதான். டேப்லெட்டில் முகத்தைக் காட்டினால்தான் பாடம் திறக்கும். முனிரத்தினம் சார் பொறுப்பாக எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, முகத்தைப் படம் பிடித்துப் பதிவு செய்தார். தன் முகத்தையும் செய்தார். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. நடுவில் ஆடிக் கிருத்திகை வந்தது. லீவு முடிந்து வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மொட்டை! மீசை கிடையாது, தாடி கிடையாது, தலை நிறையச் சந்தனம். ஒவ்வொருத்தராக டேப்லெட் முன்னால் நிற்கிறார்கள்... ஒருவரையும் அதற்கு அடையாளம் தெரியவில்லை. கடைசியில் முனிரத்தினம் சார் தன் முகத்தைக் காட்டினார். அவரும் குடும்பத்தோடு முடி கொடுத்துவிட்டு வந்தவர்தான். "நீங்கள் பதிவு செய்யப்படவில்லை" என்றது டேப்லெட்.

நீங்களும் நானும் சிரித்துவிடுவோம். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கேயோ எதையோ தப்பாகத் தொட்டு, விலை உயர்ந்த பொருளைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார். யாரிடமும் கேட்கவும் கூச்சம். துண்டில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டியவர், அப்புறம் அதைத் தொடவே இல்லை.

தலைமை அலுவலகம் சும்மா இருக்குமா? புது பேட்ச் வேலைக்குச் சேருவதற்குள் முனிரத்தினத்தின் பாடம் ஆப்பில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் எங்கேயோ தயாரித்த ரெடிமேட் வீடியோவைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப் போட்டுவிட்டால் பயிற்சியாளர் எதற்கு? அவர் கேட்டபடியே லைனுக்குப் போக வேண்டியதுதான். வாய் தவறிக் கேட்டது உண்மையாகவே நடக்கப் போகிறது என்றதும் மனிதர் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தாராம்.

ஹேமா போனதும் பீரோவைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். டேப்லெட்டில் இருந்த பழைய போட்டோவைப் பார்த்தாள். எதிரே நின்ற மொட்டைத் தலையைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சார், இது கெட்டுப்போவல. இதுக்கு நம்ம ஊரு புதுசு. முருகனுக்கு முடி குடுத்தாலும் ஆளு அதே ஆளுதான்னு நாமதான் இதுக்குச் சொல்லிக் குடுக்கணும். சொல்லிக் குடுங்க சார்."

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பட்டனைத் தேடித் தேடி, தப்பான இடத்துக்குப் போய், திரும்பி வந்து, முனிரத்தினம் சாரே எல்லோரையும் மறுபடி பதிவு செய்தார். அவள் விரல் டேப்லெட்டில் படவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கிறேன். போனில் பணம் அனுப்ப என் பையன் எனக்குச் சொல்லிக்கொடுத்த அழகு ஞாபகம் வருகிறது. "இங்க குடும்மா" என்று பிடுங்கினான். டக் டக் டக் என்று நாலு தட்டு. "அவ்ளோதான், புரிஞ்சுதா?" என்றான். என்ன புரியும்? அவனுக்கு வேகமான விரல் இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படித்தானே? புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதுகூடக் கஷ்டமில்லை. இத்தனை நாள் கற்றுக்கொடுத்த மனிதர், தன்னிடம் படித்தவர்கள் முன்னாலேயே ஒன்றும் தெரியாமல் நிற்கிறாரே... அதுதான் கஷ்டம். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது?

சரி, மொட்டைச் சிக்கல் தீர்ந்தது. அடுத்த சிக்கல் வீடியோ.

கேமரா முன்னால் நிறுத்தியதும் முனிரத்தினம் சார் மரக்கட்டையாகிவிட்டார். "அனைவருக்கும் வணக்கம். இன்று நாம் காணவிருப்பது..." என்று ரேடியோ செய்தி மாதிரி ஆரம்பித்து, நடுவில் நின்று, வியர்த்து, தண்ணீர் குடித்து... பத்துப் பதினைந்து தடவை எடுத்தும் ஒன்றும் தேறவில்லை. சரி, பழைய பையன்களை எதிரே உட்கார வைத்துப் பார்க்கலாம் என்றால், அவர்களுக்கோ எல்லாம் தெரியும். தெரிந்தவனிடம் போய் எதைச் சொல்லிக்கொடுப்பது?

"அவரு பாடம் நடத்தும்போது கவனிச்சேன் அண்ணி. அவரு மெஷினப் பாத்துப் பேசலை. புரியாத மூஞ்சி எதுன்னு தேடிக்கினே பேசுறாரு. கேமராவுக்கு ஏது மூஞ்சி? அதான் வார்த்தை வரலை."

ஆக, அந்த மூஞ்சி நான்.

வியாழக்கிழமை காலை கிளம்பினேன். புடவை கூடாது என்று சொல்லிவிட்டதால் சுடிதார். கேட்டில் வளையலைக் கழற்றச் சொன்னார்கள், மோதிரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலில் பாறாங்கல் மாதிரி ஒரு ஷூ. பயிற்சிக்கூடத்தின் மூலையில் சின்ன பிரஸ் மெஷின் ஒன்று இருந்தது. அதற்கு எதிரே எனக்கு ஒரு ஸ்டூல். என் காதோரம் உரசுகிற மாதிரி ஒரு ஸ்டாண்டில் டேப்லெட்டை மாட்டினாள் ஹேமா. அவர் என்னைப் பார்த்துப் பேசினால், வீடியோ பார்ப்பவர்களைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கும். இப்படியெல்லாம் யோசிக்க இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

"வணக்கம்மா" என்றார் முனிரத்தினம் சார். முள்ளு முள்ளாக முடி முளைக்க ஆரம்பித்திருந்த தலை. முகத்தில் ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவரின் களை.

மெஷினின் இரண்டு பக்கமும், கைக்கு ஒன்றாக இரண்டு பச்சை பட்டன்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் இரும்பு இறங்கும் என்று செய்தி வாசிக்கும் குரலில் சொல்லிக்கொண்டு போனார். நான் நிஜமாகவே முகத்தைச் சுளித்தேன். நடிப்பு இல்லை, புரியவில்லை.

"இன்னாம்மா, இன்னா புரியல?"

"ரெண்டு பட்டன் எதுக்குங்க? ஒண்ணை ஏதாவது குச்சி வெச்சு முட்டுக் குடுத்துட்டா, ஒரு கையாலேயே அழுத்தலாமே. இன்னொரு கையால அடுத்த தகட்டை எடுத்துக்கலாம். வேலை சீக்கிரம் முடியுமே?"

வேலை சீக்கிரம் முடிய வழி தேடுவது பெண்களுக்குப் பழக்கம். கேட்டுவிட்டேன். ஆனால் முனிரத்தினம் சார் அப்படியே நின்றுவிட்டார். ஏதாவது அபத்தமாகக் கேட்டுவிட்டோமோ என்று நான் ஹேமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அம்மா... எவ்ளோ வருஷமா சொல்லிக் குடுத்துகினு இருக்கேன். இந்தக் கேள்விய எம் முன்னாடி எவனும் கேட்டதில்ல. ஆனா எல்லாப் பையனுக்கும் மனசுல இதுதான். நான் அந்தாண்ட போனதும் குச்சியத் தேடுவான்!"

அவ்வளவுதான். மனிதர் மாறிவிட்டார். குரல் மாறிவிட்டது. கேமரா என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. ஒரு பழைய கையுறையை எடுத்தார். அதற்குள் கந்தல் துணியைத் திணித்து, ஐந்து விரல்களும் உப்பும்படி அடைத்தார். குறட்டால் பிடித்துத் தகடு வைக்கும் இடத்தில் வைத்தார். தன் இரண்டு கைகளையும் பச்சை பட்டன்களில் வைத்தார்.

டம்!

நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டேன். அவர் கையுறையை எடுத்து என் எதிரே நீட்டினார். விரல் இருந்த இடம் அப்பளம் மாதிரி தட்டையாக இருந்தது.

"இப்பச் சொல்லும்மா. குச்சி வெச்சா ஒரு கை சும்மா இருக்குது. அந்தக் கை எங்க இருக்குது? உனக்குத் தெரியுமா? தெரியாது. அடுத்த தகட்டப் பாத்துகினு இருப்ப. ரெண்டு பட்டன் எதுக்குன்னா நைனா... உன் ரெண்டு கையும் எங்க இருக்குதுன்னு உனக்கே தெரியணும். அதுக்குத்தான்."

என்னை "நைனா" என்று கூப்பிட்டுவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மிக்ஸியைத் தொடும்போதுகூட என் இன்னொரு கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் வீடியோ தலைமை அலுவலகத்துக்குப் போனது. அங்கேயிருந்து ஒருவர் ஹேமாவிடம் போனில் பேசினார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் நடுவில் யாரோ ஒரு பெண் தத்துப்பித்தென்று கேள்வி கேட்கிறாரே, அதை வெட்டிவிடலாமே என்றார். அவள் வந்து சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஹேமா அவரிடம் குரலை உயர்த்தவில்லையாம்.

"சார், அந்தக் கேள்வி போச்சுன்னா பாடமே போச்சுங்க. வேணும்னா ஒண்ணு செய்யுங்க. உங்க ரெடிமேட் வீடியோவையும் இதையும் புது பேட்ச்சுக்குப் போட்டுப் பாக்கலாம். எதைப் பாத்துப் பசங்க வாயத் திறக்கறாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

திங்கட்கிழமை புது பேட்ச் வந்தது. முதலில் ரெடிமேட் வீடியோ. எல்லோரும் அமைதியாகப் பார்த்தார்கள், அமைதியாகத் தலையாட்டினார்கள். அடுத்து முனிரத்தினம் சாருடையது. குச்சி பற்றி நான் கேட்டதும் கடைசி பெஞ்சில் ஒருவன் சிரித்துவிட்டான். கையுறை நசுங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது. அப்புறம் கேள்விகள் வந்தன பாருங்கள்... கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மெஷின் தானாக இறங்குமா? தகடு சிக்கிக்கொண்டால் கையை விடலாமா? தூக்கம் வந்தால் என்ன செய்வது? போனில் பேசிய தலைமை அலுவலகத்துக்காரரும் இதைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்தார்; ரெடிமேட் வீடியோவை எடுத்துவிடச் சொன்னது அவரேதான்.

ஆனால் ஹேமா கண்ணை விரித்துக்கொண்டு எனக்குச் சொன்னது வேறு. திரையில் முனிரத்தினம் சார் பேசிக்கொண்டிருக்கிறார். நிஜ முனிரத்தினம் சார் பக்கத்தில் நின்று, பையன்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். ஒரு பையன் புருவத்தைச் சுருக்கியதும் வீடியோவை நிறுத்துகிறார். "இன்னா நைனா, எங்க விட்ட?" என்று கேட்கிறார். திரும்ப ஓட்டுகிறார்.

"மேடம், இத்தனை நாளு பேசுறதுக்கே சரியாப் போச்சு" என்றாராம் அவளிடம். "பேசிக்கினே பாத்தா பாதி மூஞ்சிதான் தெரியும். இப்ப அங்க நான் பேசிக்கினு இருக்கேன், இங்க நான் பாத்துக்கினு இருக்கேன். ரெண்டு முனிரத்தினம்!"

மேனேஜர் லைன் பேச்சை எடுத்தபோது, "யாருங்க போறது?" என்று இவரே திருப்பிக் கேட்டாராம்.

போன வெள்ளிக்கிழமையோடு அங்கே ஹேமாவின் வேலை முடிந்தது. சாயங்காலம் வந்து என் எதிரே காபியோடு உட்கார்ந்தாள். "வழியனுப்பினாரா? சால்வை, மாலை ஏதாவது உண்டா?" என்று கேட்டேன்.

இல்லையாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்று, "போய்ட்டு வரேன் சார்" என்றிருக்கிறாள். முனிரத்தினம் சார் அடுத்த பாடத்தைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனை ஸ்டூலில் உட்கார வைத்து, அவன் காதோரம் டேப்லெட்டை மாட்டி, அவன் முகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், "ஆங், ஆங்" என்று கையை மட்டும் ஆட்டினாராம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டவளை இப்படியா அனுப்புவது? "உனக்கு வருத்தமா இல்லையாடி?" என்றேன்.

காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தாள் என் நாத்தனார்.

"அவரு திரும்பிப் பாத்திருந்தாத்தான் அண்ணி வருத்தம்."